தோலுக்குள் ஒரு முப்புரி

பொங்கலுக்கு முதல் நாள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, பூளைப்பூ, கூடவே மஞ்சள் மஞ்சளாய் ஆவாரங்கொத்து. அந்தப் பூவைத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அதே செடியின் பட்டைக்கு ஒரு காலத்தில் என்ன வேலை இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

பம்புசெட்டு வருவதற்கு முன் தோட்டக் கிணறுகளில் கமலை ஓடியது. மாடுகள் வடத்தை இழுக்க, கூனை என்ற சால் தண்ணீரோடு மேலே வரும். அதன் அடியில் தைத்த தோல் வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். நாள் முழுக்க நனைந்தும், கரிசல் வெயிலில் காய்ந்தும், கயிற்றில் இழுபட்டும் அந்தத் தோல் உழைத்தது. பச்சைத் தோலாக இருந்தால் சில நாளில் அழுகி நாறியிருக்கும். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதையை வழித்து, ஆவாரம்பட்டை ஊறலில் போட்டுப் பதப்படுத்தியதால்தான் அது தாங்கியது. தென்மாவட்டங்களில் பெரும்பாலும் அருந்ததியர்தான் இந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் தைத்த தோலால்தான் பயிர் தண்ணீர் குடித்தது. ஆனாலும் ஊர் அவர்களைத் தள்ளியே வைத்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே பட்டை கடல் கடந்த வியாபாரமாயிற்று. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதப்பட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பலேறின. தெற்கே திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்குப் பேர்போனது.

பட்டை எதைப் பிடித்து நிறுத்துகிறது? அதன் துவர்ப்புச் சத்தான டானின், தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அழுகச் செய்யும் கிருமிகளால் அதன் பிறகு அதை எளிதில் அரிக்க முடியாது. ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் பாகாய் இறுகுவதும், தச்சர் காய்ச்சும் வச்சிரப் பசை ஒட்டுவதும் இதே புரதத்தால்தான்.

கொலாஜனின் உருவத்தைக் கண்டுபிடித்தது சென்னை என்பதைத் தமிழர்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு ஜி.என். ராமச்சந்திரன் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. பக்கத்திலேயே, 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாரை எக்ஸ்-கதிரில் வைத்துப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கணக்கிட்டு, 1954-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் முடிவை வெளியிட்டார்: கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்த ஒரு கட்டு. மறு வருடமே அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டவை என்று திருத்திச் சொன்னார். கயிறு திரித்தவருக்கு இது புதிதல்ல. புரியை ஒரு பக்கம் முறுக்கினால் கயிற்றை மறுபக்கம் முறுக்க வேண்டும். இங்கேயும் ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாகச் சுழல, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கேறுகின்றன.

ஆனால் செல்லுக்குள் இந்தக் கயிறு ஒரே மூச்சில் திரிவதில்லை. மரபணுவின் எழுத்தை ரைபோசோம் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கும் வேலைக்கு உயிரியலார் வைத்த பெயர் ‘மொழிபெயர்ப்பு’. அது முடியும்போது கையில் இருப்பது வெறும் நூல்தான். அருப்புக்கோட்டை நெசவாளருக்கு விளக்க வேண்டியதில்லை; கடையில் வாங்கிய நூலை யாரும் அப்படியே தறியில் ஏற்றுவதில்லை, பாவாக்கிக் கஞ்சி போட்ட பிறகே ஏற்றுவார்கள்.

கொலாஜனுக்குப் போடும் கஞ்சியில் முக்கியமானது ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம். எமில் ஃபிஷர் 1902-இல் ஜெலட்டினிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். வியப்பு என்னவென்றால், மரபணுவின் அகராதியில் இதற்குச் சொல்லே கிடையாது. 1949-இல் மார்ஜரி ஸ்டெட்டன், அடையாளமிட்ட ஹைட்ராக்ஸிபுரோலினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அது கொலாஜனில் சேரவே இல்லை. புரோலின் கொடுத்தால் சேர்ந்தது. அதாவது, சங்கிலியில் புரோலினாக உட்கார்ந்த பின்புதான் ஒரு நொதி அதன்மேல் ஆக்சிஜனை ஏற்றுகிறது. அந்த ஆக்சிஜன் நாம் மூச்சில் இழுக்கும் காற்றிலிருந்தே வருகிறது என்று 1960-களில் நிறுவினார்கள். நொதி வேலை செய்ய இரும்பும் வைட்டமின் சி-யும் வேண்டும். இந்தப் பதம் ஏறாத முப்புரி ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸிலேயே பிரிந்துவிடும். நம் உடம்பின் சூடோ 37. ஈறு வீங்கி ரத்தம் கசிந்து, ஆறிய புண்ணும் மறுபடி திறக்கும் ஸ்கர்வி நோய்க்கு, வைட்டமின் சி கிடைக்காமல் இந்தப் பதம் ஏறாமல் போவதுதான் மூலகாரணம்.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, வேம்பூர்ப் பக்கத்துப் பொட்டு ஆட்டுக்கு அந்த நோய் வராது. கோடையில் காய்ந்த புல்லும் கருவேல நெற்றும் தின்றாலும் அதன் ஈரலே வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ளும். மனிதனின் மூதாதைக் குரங்கினத்தில் அந்த மரபணு பழுதாகிப் பல கோடி ஆண்டுகள் ஆயிற்று. ஆட்டின் பின்னால் நடக்கும் கீதாரி அதை நெல்லியிலும் முருங்கைக் கீரையிலும் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

பதம் ஏறி முறுக்கிய பின்னும் வேலை மிச்சம் இருக்கிறது. செல்லை விட்டு வெளியேறியதும் கயிற்றின் இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை நொதிகள் கத்தரிக்க வேண்டும். அப்போதுதான் கயிறுகள் நெருங்கி அடுக்கி நாராகும். இந்த ஒரு வெட்டு நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டியவை பெல்ஜியத்துக் கன்றுகள். தொட்டால் கிழியும் தோலோடு அவை பிறந்தன. ஒரு முனையை வெட்டும் நொதி அவற்றில் குறைந்திருப்பதை 1971-இல் லாப்பியேரும் உடன் உழைத்தவர்களும் கண்டார்கள். செம்மறிகளிலும் இதே குறை உண்டு. மரபணுவில் கொலாஜனின் எழுத்து பிழையில்லாமல் இருந்தும் அந்தத் தோல் எதற்கும் உதவாது. கடைசியில் செம்பின் துணையோடு இன்னொரு நொதி நாருக்கு நார் குறுக்குப் பிணைப்புப் போடுகிறது. வயதாக ஆகப் பிணைப்பு இறுகுவதால்தான் கிழட்டு ஆட்டின் கறி வேகவே மாட்டேன் என்கிறது.

உயிர் இருக்கும்வரை செல் செய்யும் பதம் இவ்வளவு. உயிர் போன பிறகு பதத்தைத் தொடர்ந்தது தோல் தொழிலாளியின் கை. சோதனைக்கூடத்தின் பெயர்கள் புத்தகத்தில் ஏறிவிட்டன. பட்டை ஊறலின் துவர்ப்பை நாக்கில் வைத்தும் விரலால் தொட்டும் கணித்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. கூனைக்கு வால் தைத்த கிழவர்கள் சிலராவது இன்னும் இருக்கக்கூடும். திருச்சுழிப் பக்கம், குண்டாற்றங்கரை ஊர்களில் உறவுள்ளவர்கள் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாள் ஊறல், எவ்வளவு பட்டை என்று கேட்டு எழுதி வையுங்கள்.