ஐசி: ஊரறிந்த இரகசியம்

சென்ற தீபாவளிக்கு நண்பர் ஒருவரைப் பார்க்க அவருடைய கொண்டோவுக்குப் போயிருந்தேன். வாசலில் ஜாகா கை நீட்டினார். ஐசியை எடுத்துக் கொடுத்தேன். அதை முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பாஸ் தந்தார். லிஃப்டில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அது யாருடைய கைப்பேசி? நிர்வாகத்தினுடையதா, அவருடைய சொந்தக் கைப்பேசியா?

நம் ஐசியைக் கேட்டு வாங்கிச் சோதிக்கும் உரிமை சட்டப்படி ஒரு சிலருக்குத்தான் உண்டு: தேசியப் பதிவுத்துறை அதிகாரி, போலீஸ், சுங்கத்துறை அதிகாரி, கடமையில் இருக்கும் இராணுவத்தினர். 1990ஆம் ஆண்டுப் பதிவு விதிமுறைகளில் இருக்கிறது இது. ஜாகா அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் கொடுத்தேன். பின்னால் நாலு கார் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது யார் சட்டம் பேசுவது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை என்று தோன்றுகிறது. ஐசி கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் கைக்கே பழகிப்போயிருக்கிறது.

இணையத்தில் சொந்த விவரங்களைக் காப்பது பற்றிய அறிவுரைகள் எல்லாம் கடவுச்சொல்லில்தான் தொடங்கும். நம் ஊரில் அந்தக் கதை இணையத்துக்கு நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன்பே, ஒரு போரில் தொடங்குகிறது.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலம். பிரிட்டிஷ் அரசுக்குப் பெரிய தலைவலி, எதிரி யார், குடிமகன் யார் என்று பார்த்தால் தெரியாததுதான். பகலில் ரப்பர் வெட்டுகிறவன் இரவில் காட்டுக்கு அரிசி கொண்டுபோகலாம். ஆகவே 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் பதிவு செய்து, புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அட்டை கொடுத்தார்கள். இந்த மண்ணின் முதல் அடையாள அட்டை அதுதான். வெறும் தாளில் அச்சிட்டது. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை 1960இல்தான் வந்தது.

காட்டில் இருந்தவர்களுக்கும் அதன் வலிமை உடனே புரிந்தது. பதிவுக்குப் போன புகைப்படக்காரர்களும் அதிகாரிகளும் தாக்கப்பட்டார்கள். பேருந்துகளை நிறுத்தி அட்டைகளைப் பறித்துக் கிழித்தார்கள், எரித்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் சாதாரண மக்கள். அட்டை இருந்தால் காட்டுக்காரனுக்குச் சந்தேகம். இல்லாவிட்டால் போலீஸுக்குச் சந்தேகம். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் வாழ்ந்த ஐந்து லட்சம் பேர் அளவில், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். தோட்டத்து லயங்களும் முள்வேலிக்குள் போயின. வாசலில் சோதனை, உணவுப் பொருளுக்கு அளவு. வேலிக்கு வெளியே போக, உள்ளே வர, இரண்டுக்கும் அட்டை வேண்டும். இன்றைய கொண்டோ வாசலைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. கொஞ்சம் மிகையான ஒப்பீடுதான், ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பாட்டி அப்போது பேராக்கில் ஒரு தோட்டத்தில் பதினான்கு வயதுப் பெண். அவர் வாழ்க்கையின் முதல் புகைப்படம் அந்த அட்டைக்காக எடுத்ததுதான். "சிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் எங்க சிரிக்கிறது, பயத்துல நடுங்கிட்டு இருந்தேன்" என்பார். துப்பாக்கியோடு இரண்டு பேர் நிற்க, மரத்தடியில் ஸ்டூல் போட்டு வரிசையாக உட்காரவைத்து எடுத்தார்களாம். பயம் நியாயமானதுதான். தோட்டத் தொழிலாளர்களை அரசு அப்போது சந்தேகத்தோடுதான் பார்த்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால், அட்டை என்பது கண்காணிப்பின் கருவி, நம் மக்கள் அதை வெறுத்தார்கள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். தனிமனிதத் தகவலைப் பற்றி மேற்கிலிருந்து வரும் புத்தகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேசுகின்றன: அரசுக்கு நம்மைப் பற்றி அதிகம் தெரிந்துவிட்டது, அதுதான் ஆபத்து. தோட்டத்தில் நடந்தது வேறு.

தோட்டத்து மனிதர்களைப் பற்றிய விவரம் அதற்கு முன்பு இருந்த இடம் கிராணியின் செக்ரோல் புத்தகம். காலையில் பெரட்டுக்கு நின்றவர் யார், எத்தனை நாள் பேர், எவ்வளவு சம்பளம், எவ்வளவு கடன். பெயரை எழுதுவது கிராணி. அவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. ஒரே அப்பனுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் பத்திரங்களில் அப்பன் பெயர் மூன்று விதமாக இருப்பது நம் குடும்பங்களில் அதிசயமே இல்லை. லயத்திலேயே மருத்துவச்சி பார்த்த பிரசவங்கள் பலவற்றுக்குப் பிறப்புப் பத்திரமே கிடையாது. எங்கள் பாட்டிக்கும் கிடையாது. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்த அவரிடம் அதற்கான தாள் இல்லை. அதனால் நெடுங்காலம் அவர் கையில் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசி. குடிமக்களுக்கு நீலம்.

1957இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கான வாசல் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. ஆனால் விண்ணப்பம் போடவேண்டும், காகிதம் காட்டவேண்டும், மலாய் பேசிக் காட்டவேண்டும், ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு டவுனுக்குப் போகவேண்டும். பலர் போகவில்லை. 'எங்க போயிடப் போறோம்' என்று இருந்துவிட்டார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோதுதான் சிவப்பு அட்டையின் பொருள் விளங்கியது. பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் இந்தியாவை அதற்குமுன் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள்.

ஆகவே நம்மவர்களுக்குப் பயம், அரசுக்குத் தங்களைப் பற்றித் தெரிந்துவிடுமோ என்பதாக இருக்கவில்லை. தெரியாமல் போய்விடுமோ என்பதாக இருந்தது. ஏட்டில் பெயர் ஏறாதவன் எந்த நேரமும் வெளியே தள்ளப்படலாம். பாட்டிக்கு நீல ஐசி கிடைத்தபோது அவருக்கு அறுபது வயதை நெருங்கியிருந்தது. அன்றிலிருந்து சாகும்வரை அது அவருடைய சுருக்குப்பையை விட்டுப் பிரியவில்லை. வெற்றிலை, பாக்கு, ஐசி. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், எடுத்துக் காட்டுவார். கிளினிக்கில், கோவில் அன்னதான வரிசையில், ஒருமுறை பேரங்காடியில் சவர்க்காரம் விற்க வந்த பெண்ணிடம்கூட. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கேட்டவுடன் கொடுப்பது அந்தக் கையிலிருந்துதான் என் கைக்கு வந்திருக்கவேண்டும்.

1990இல் மலேசிய ஐசிக்குப் புது எண் வந்தது. பழைய எண்ணைப் பார்த்து ஒருவருடைய வயதையோ ஆணா பெண்ணா என்பதையோ சொல்ல முடியாது. புதிய 12 இலக்க எண் வாயைத் திறந்து பேசும். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: 08 என்றால் பேராக், 10 சிலாங்கூர், 14 கோலாலம்பூர். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத் தனி எண்கள். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். கணினிமயமாகிக்கொண்டிருந்த ஒரு நிர்வாகத்துக்கு இது வசதி. யாரும் இதை இரகசியமாக நினைத்து வடிவமைக்கவில்லை. கதவில் ஒட்டும் பெயர்ப்பலகை மாதிரி, எல்லோரும் படிக்கத்தான் செய்தது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்தநாளுக்கு ஃபேஸ்புக்கில் உங்களை வாழ்த்துகிறார்கள். பத்தாம் ஆண்டுப் படிவம் ஐந்து நண்பர்கள் குழுவில் நீங்கள் எந்த வருடத்து ஆள் என்பது தெரியும். ஊர் எது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எட்டு இலக்கம் போய்விட்டது. மீதி நாலு இலக்கத்துக்குப் பத்தாயிரம் வாய்ப்புகள். ஆணா பெண்ணா என்பது தெரிந்தால் ஐயாயிரம். ஒரு கணினி நிரலுக்கு ஐயாயிரம் என்பது ஒன்றுமே இல்லை.

2001இல் சில்லு பதித்த மைகார்ட் வந்தது. கட்டைவிரலை வைத்தால் இயந்திரம் நீங்கள்தான் என்று சொல்லும். பாட்டியை மட்டும் அது ஒத்துக்கொள்ளவே இல்லை. முப்பது வருடம் பால் மரம் வெட்டிய கையில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. வங்கிக்காரப் பெண் ஈரத்துணியால் துடைத்து, ஊதி, நாலைந்து தடவை அழுத்திப் பார்த்து, கடைசியில் மேலாளரைக் கூப்பிட்டார். பாட்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் சிவப்பாக்கிவிடுவார்களோ என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

இதற்கிடையில் பெயர்ப்பலகை சாவியாக மாறிவிட்டிருந்தது. அதை யாரும் ஒரு நாள் உட்கார்ந்து முடிவெடுத்துச் செய்யவில்லை. வங்கி தொலைபேசியில் 'ஐசி நம்பர் சொல்லுங்க' என்று கேட்டு அதையே நம் அடையாளத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. மின்னஞ்சலில் வரும் அறிக்கைகளுக்கு ஐசி எண்ணே கடவுச்சொல் ஆனது. வீட்டு வாடகை முகவர் முதல் ஜிம் வரை எல்லோரும் நகல் கேட்டார்கள், பிறகு வாட்ஸ்அப்பில் படம் கேட்டார்கள். நகலின் மேல் இரண்டு கோடு கிழித்து, எதற்காகக் கொடுக்கிறோம் என்று நடுவில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் அப்பா தலைமுறையில் இருந்தது. கைப்பேசி வந்ததும் அதுவும் போய்விட்டது.

2017 அக்டோபரில் லோயாட் டாட் நெட் இணையத்தளம் ஒரு செய்தி வெளியிட்டது. 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி இணைப்புகளின் வாடிக்கையாளர் விவரங்கள் விற்பனைக்கு வந்திருந்தன: பெயர், முகவரி, ஐசி எண், தொலைபேசி எண். அப்போது நாட்டின் மக்கள்தொகையே மூன்று கோடி சொச்சம்தான். அதாவது உங்களுடையதும் என்னுடையதும் அதில் இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பரில் அமலுக்கு வந்திருந்தது. ஆனால் அது கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று சட்டத்தின் மூன்றாம் பிரிவே சொல்கிறது. நம்மைப் பற்றி மிக அதிகம் தெரிந்தவர் யாரோ அவருக்கே விலக்கு. கசிவு நடந்தால் தெரிவித்தாக வேண்டும் என்ற விதிகூட 2024 திருத்தத்தில்தான் சேர்ந்தது.

எண் வெளியே போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு என் சின்னம்மாவின் கதையைச் சொல்வதுண்டு. ஒரு நாள் காலை போலீஸ் நிலையத்திலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு. முழுப்பெயர், வீட்டு முகவரி, 12 இலக்கம், எல்லாவற்றையும் அந்தக் குரல் மளமளவென்று ஒப்பித்தது. அவர் பெயரில் கறுப்புப் பண வழக்கு இருக்கிறதாம், பணத்தை உடனே 'பாதுகாப்பான' கணக்குக்கு மாற்றவேண்டுமாம். மாற்றினார். மாமா இறந்தபோது வந்த இ.பி.எஃப். பணம். "என் ஐசி நம்பர் சரியா சொன்னான்டா, போலீஸ் இல்லாம யாருக்குத் தெரியும்?" என்றார் சின்னம்மா. அதுதான் விஷயம். அந்த எண்ணை நாம் இரகசியம் என்று நம்புவதுதான் மோசடிக்காரனுக்கு மூலதனம். இப்போது 997 என்ற எண் இருக்கிறது. பணம் போனதும் உடனே அழைத்தால் வங்கிகள் தடுத்து நிறுத்தப் பார்க்கும். சின்னம்மா யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு மூன்று நாள் சும்மா இருந்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இதே முடிச்சு வேறு விதமாக அவிழ்ந்தது, அல்லது மேலும் இறுகியது. அங்கே 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவை இல்லாமல் நிறுவனங்கள் என்ஆர்ஐசி எண்ணைக் கேட்கவோ அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளவோ கூடாது. மக்கள் கடைசி மூன்று இலக்கத்தையும் எழுத்தையும் மட்டும் தரப் பழகினார்கள். பிறகு 2024 டிசம்பர் 9 அன்று, நிறுவனப் பதிவு ஆணையத்தின் புதிய பிஸ்ஃபைல் தளம் வந்தபோது, பெயரைத் தட்டினால் முழு எண்ணும் யாருக்கும் இலவசமாகத் தெரிந்தது. பெரும் கூச்சல். நாலு நாளில் தேடல் நிறுத்தப்பட்டது, அரசு மன்னிப்புக் கேட்டது.

ஆனால் அரசு கூடவே சொன்ன ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த எண் பெயரைப் போன்றது, இரகசியம் இல்லை, அதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்தியதுதான் தவறு என்றார்கள். பாதியை மறைப்பதால் வருவது பொய்யான நிம்மதி. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 1968க்குப் பிறகு பிறந்த சிங்கப்பூரருக்கு முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். கடைசி மூன்றை நீங்களே கொடுத்துவிட்டால் தெரியாதது இரண்டே இலக்கம், நூறு வாய்ப்புகள். கடைசி எழுத்து மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவதால் நூறில் ஒன்பதோ பத்தோதான் பொருந்தும். வாதம் சரி. ஆனால் ஐந்து வருடம் மூடி வை என்று மக்களைப் பழக்கிவிட்டு, ஒரு காலையில் மூடியை எடுத்துவிட்டு, அது மூடிவைக்கிற பொருளே இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? பூட்டுகளை மாற்றிய பிறகல்லவா சாவியை வெளியே வைக்கவேண்டும்.

மலேசியாவில் நாம் இன்னும் பூட்டையே மாற்றத் தொடங்கவில்லை. இந்தக் கட்டுரை எழுதும் வாரத்தில்கூட எனக்கு ஒரு காப்புறுதி அறிக்கை வந்தது. திறக்க, ஐசியின் கடைசி ஆறு இலக்கம்.

பாட்டி 2016இல் இறந்தார். மரணத்தைப் பதிவு செய்யப் போனபோது கவுன்ட்டரில் அவருடைய ஐசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதுதான் நடைமுறை. அப்பாவுக்கு அதைக் கொடுக்க மனமே இல்லை, ஒரு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதற்கு முதல்நாள் இரவு, ஈமச்சடங்குக்காரர் விவரம் கேட்டார் என்று யாரோ அதன் இரு பக்கத்தையும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். குழுவில் இப்போது அறுபத்து மூன்று பேர். அதில் ஏழெட்டு எண்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.