டாப்சிலிப்

டாப்சிலிப் என்பது கோயம்புத்தூர் மாவட்டம் பொள்ளாச்சியிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில், ஆனைமலைத் தொடரில் அமைந்த வனக் குடியிருப்பு. ஆனைமலை புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தைச் சேர்ந்தது. கடைத்தெருவோ கேளிக்கைப் பூங்காவோ இங்கே கிடையாது. காட்டைக் காண்பதும் காட்டில் நடப்பதும்தான் இங்குள்ள பொழுதுபோக்கு.

ஆங்கிலேயர் ஆட்சியில் கப்பல் கட்டவும் ரயில் தண்டவாளக் கட்டைகளுக்காகவும் இம்மலையின் தேக்கு மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சரிவில் சறுக்கிவிட்ட இடமே டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. மொட்டையான மலையில் மீண்டும் தேக்கை வளர்த்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. மரத்தை வேரோடு பிடுங்காமல் தரையை ஒட்டி வெட்டி, அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிரை வளரவிடும் முறையை அவர் கையாண்டார். நடக்கும்போது கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, தேக்கு விதையை இட்டு மூடிக்கொண்டே போவார் என்று இங்குள்ளவர்கள் சொல்வதுண்டு. 1933-இல் இறந்த அவர், தம் விருப்பப்படியே இந்தத் தேக்குகளுக்கு நடுவே அடக்கம் செய்யப்பட்டார். தம்மைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்ற பொருளில் கல்லறையில் லத்தீன் வாசகம் ஒன்று உள்ளது. டாப்சிலிப் செல்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதுவே.

மலையேற்றத்திற்கு வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். வழிகாட்டிகளில் பலர் மலைமலசர், காடர் போன்ற பழங்குடியினர். பாதையில் கிடக்கும் யானை லத்தியின் ஈரத்தையும் சூட்டையும் வைத்தே கூட்டம் எவ்வளவு நேரத்துக்கு முன் கடந்தது என்று கணித்துவிடுவார்கள். வழிகாட்டி கை உயர்த்தினால் பேச்சை நிறுத்தி அப்படியே நிற்க வேண்டும். அந்த நிசப்தத்தில்தான் இருவாச்சியின் இறக்கையடிப்பு, தொலைவில் ரயில் வருவதுபோல் கேட்கும். மலை அணில், கருமந்தி, புள்ளிமான், காட்டுமாடு ஆகியவற்றைப் பெரும்பாலும் காணலாம். புலியைக் காண்பது அரிது. அதை எதிர்பார்த்துச் செல்பவர் காட்டின் பாதியைத் தவறவிடுகிறார். அருகிலுள்ள கரியன்சோலை அடர்ந்த மழைக்காடு. மழைக்காலத்தில் அட்டைகள் மிகுதி.

கோழிகமுத்தி யானைகள் முகாமுக்கு வனத்துறை வாகனத்தில் செல்லலாம். மலசர் பாகன்களும் அவர்களுக்கு உதவும் காவடிகளும் தலைமுறை தலைமுறையாக இங்கே யானைகளைப் பராமரித்து வருகின்றனர். ராகி, கொள்ளு ஆகியவற்றை வேகவைத்து உருட்டிய பெரிய கவளங்களை யானையின் வாயில் ஊட்டுவதை அருகிலிருந்து பார்க்கலாம். ஊருக்குள் புகும் காட்டு யானைகளை விரட்டும் பணிகளில் பேர்பெற்ற கலீம் என்ற கும்கி, 2023-இல் வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையுடன் ஓய்வு பெற்றது இம்முகாமில்தான்.

கேரளத்தின் பரம்பிக்குளத்துக்கும் சாலை டாப்சிலிப் வழியாகவே செல்கிறது. அங்குள்ள கன்னிமரா தேக்கு, உலகின் மிகப் பெரிய தேக்கு மரங்களுள் ஒன்று.

மலையேற்றத்திற்கு இத்தனை கட்டுப்பாடுகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு தமிழகத்தில் மலையேற்ற விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம், மாநிலம் முழுவதும் 40 பாதைகளில் இணையவழி முன்பதிவுக்கு வழிசெய்தது. கட்டுப்பாடுகள் தொல்லை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. காய்ந்த மூங்கிலும் புல்லும் தீக்கு எத்தனை வேகமாக இரையாகும் என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கோடையில் தீ அபாயம் மிகும்போது பாதைகள் மூடப்படும். அக்டோபர் முதல் ஜனவரி வரை செல்ல ஏற்ற காலம்.

சேத்துமடை சோதனைச்சாவடியில் நுழைவு அனுமதி பெற வேண்டும். பிளாஸ்டிக் பைகளையும் பாட்டில்களையும் வீட்டிலேயே விட்டு வாருங்கள். வழியில் குரங்குகளுக்கு எதையும் தின்னக் கொடுக்காதீர்கள்.