இரவு மெயிலும் எல்லைக் கோடும்

கோலாலம்பூருக்கு இரவு வண்டியில் போவதா, பகல் வண்டியில் போவதா என்பது ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக்காலம் சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் பேசப்பட்ட கேள்வியாகும். இன்று அக்கேள்வி இல்லை. அது மறைந்ததற்கு விமானத்தையும் விரைவுச் சாலையையும் காரணமாகக் காட்டுவோர் பலர். அவையும் காரணங்களே, ஆயினும் முதற்காரணங்கள் அல்ல என்பது என் கருத்து. படுக்கை வண்டியின் வாழ்வும் தாழ்வும் ஒரே செய்தியைப் பற்றி நின்றன. ஏறியவர் நடுவில் எழுப்பப்படாமல் உறங்க முடிந்ததா என்பதே அது.

சிங்கப்பூரில் இருப்புப்பாதை 1903-இல் வந்தது. டாங்க் ரோட்டில், நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலுக்கு அருகிலிருந்த நிலையத்திலிருந்து வண்டி புறப்பட்டு உட்லண்ட்ஸ் வரை சென்றது. அதற்கப்பால் கடல். ஜொகூர் நாட்டினூடே செல்லும் பாதை 1909-இல் முடிவுற்ற பின்னரும், பயணிகள் உட்லண்ட்சில் இறங்கிப் படகேறி, அக்கரையில் மீண்டும் வண்டி ஏற வேண்டியவராயினர். மூட்டை முடிச்சுகளோடு நள்ளிரவில் படகேறுவதை யார் விரும்புவர்? ஜொகூர்க் கடற்பாலத்தின்மீது 1923 அக்டோபரில் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கிய பின்னரே, சிங்கப்பூரில் படுத்தவர் கோலாலம்பூரில் கண் விழிப்பது கைகூடிற்று. ஆகவே, படுக்கை வண்டிக்கு உயிர் கொடுத்தது படுக்கையன்று, பாலம் என்க.

1932 மே 2-ஆம் நாள் தஞ்சோங் பகாரில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிக்கும் பெருஞ்சிலைகள் அதன் முகப்பில் இன்றும் நிற்கின்றன. இரவு மெயிலின் பொற்காலம் இந்நிலையத்தோடு தொடங்கியது எனலாம். சுமார் 390 கிலோமீட்டர் தொலைவு. இரவுச் சாப்பாட்டை முடித்து ஏறினால் காலையில் இறங்கலாம். ஒரு நாள் விடுப்பும் ஓர் இரவின் விடுதி வாடகையும் மிச்சம். தோட்டப்பள்ளி ஆசிரியர்க்கு இவ்விரண்டும் எவ்வளவு பெரிய பொருள் என்பதை இப்பகுதியின் வாசகர்க்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் உறக்கம் எல்லார்க்கும் பொதுவாக இருக்கவில்லை. படுக்கை, முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்குமே உரியது. மூன்றாம் வகுப்பினர் இருக்கையில் அமர்ந்தபடியே விடிய விடியச் சென்றனர். தண்டவாளம் பதிப்பதிலும் அதைப் பேணுவதிலும் பெரும் பங்கு கொண்டோர் தமிழ்த் தொழிலாளர். அவர்கள் அமைத்த பாதையில் அவர்கள் உற்றார் உட்கார்ந்தே சென்றனர். இரவு மெயிலைப் பற்றிய இனிய நினைவுகளை எழுதுவோர் இதை மறந்துவிடுகின்றனர். தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர்க்கு ‘இரவு வண்டியா, பகல் வண்டியா’ என்பது உறக்கத்தைப் பற்றிய கேள்வியன்று. ஒரு நாட்கூலியைப் பற்றிய கேள்வி.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அச்சமும் உடன் சேர்ந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து வண்டியைக் கவிழ்க்கும் தாக்குதல்கள் நிகழ்ந்தமையால், முன்னே காவல் வண்டி ஓடிப் பாதையைச் சோதித்தது. அதே காலத்தில் விமானமும் இருந்தது. மலாயன் ஏர்வேஸ் 1947 மே மாதத்திலேயே சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களை இணைத்துவிட்டது. அச்சமும் விமானமும் கூடியிருந்தும் இரவு மெயில் அழியவில்லை என்பதை நோக்குக.

அதை அசைத்தது எல்லைக் கோடு. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967-இல் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. முன்னர்க் கடல் நின்ற இடத்தில் இப்போது சட்டம் நின்றது. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் சோதனைச் சாவடியை உட்லண்ட்சுக்கு மாற்றிற்று. மலேசியாவோ தன் சாவடியைத் தஞ்சோங் பகாரிலேயே வைத்துக்கொண்டது. வடக்கே செல்வோர், மலேசியாவுக்குள் நுழைய முதலில் ஒப்புதல் பெற்று, அதன் பின்னரே சிங்கப்பூரை விட்டு வெளியேறும் விந்தை இதனால் நேர்ந்தது. படுக்கையில் சாய்ந்தவர் எழுந்து உட்லண்ட்சில் இறங்க வேண்டியதாயிற்று. தெற்கே வருவோர் விடியற்பொழுதில் எழுப்பப்பட்டனர். 1909-இன் படகுப் பயணிக்கும் இவர்க்கும் வேறுபாடு மிகுதியில்லை. 2011 ஜூன் 30-ஆம் நாள் தஞ்சோங் பகார் மூடப்பட்டது. 2015 ஜூலையில் உட்லண்ட்சிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் குறுந்தொலைவு வண்டி ஓடத் தொடங்கியபோது, நெடுந்தொலைவு வண்டிகள் தீவுக்குள் வருவதே நின்றுபோயிற்று.

ஐரோப்பாவை ஒப்பிடின் இது தெளிவாகும். அங்கும் விமானங்கள் மலிந்தன; ஜெர்மானிய இரயில்வே 2016 இறுதியில் தன் படுக்கை வண்டிகளைக் கைவிட்டது. ஆனால் ஆஸ்திரிய இரயில்வே அவற்றுள் சிலவற்றை ஏற்று ‘நைட்ஜெட்’ என்னும் பெயரில் ஓட்டத் தொடங்கிற்று. செங்கன் உடன்படிக்கையால், அங்கு எல்லை கடக்கும்போது உறங்குவோரை எழுப்பிக் கடவுச்சீட்டுப் பார்ப்பது வழக்கமில்லை. அவ்வசதி இல்லையேல் அவ்வண்டிகளும் இவ்வளவு எளிதில் மீண்டிரா.

ஜூரோங் இவ்வரலாற்றில் எங்கே வருகிறது எனின், இருமுறை வருகிறது, இருமுறையும் படுக்கையின்றியே. தொழிற்பேட்டைக்கெனப் புக்கித் தீமாவிலிருந்து போடப்பட்ட கிளைப்பாதை 1966-இல் முறைப்படி திறக்கப்பட்டது. அது சரக்குக்கே உரியது, 1990களில் கைவிடப்பட்டது. பின்னர் 2016 டிசம்பரில், ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து கோலாலம்பூருக்குத் தொண்ணூறு நிமிடத்தில் செல்லும் அதிவேக இரயிலுக்கு இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. ஜூரோங் கன்ட்ரி கிளப்பின் நிலம் அதற்காக எடுக்கப்பட்டது. ஒப்பந்தம் 2020 இறுதியில் முறிந்தது. அத்திட்டத்தில் இரு நாட்டுச் சோதனைகளையும் ஏறுமிடத்திலேயே முடித்துவிட ஏற்பாடு இருந்தது. உறங்க நேரமே இல்லாத வண்டிக்குத்தான் எழுப்பப்படாத பயணம் வகுக்கப்பட்டது!

2025 டிசம்பரில் மின்சார இரயில் ஜொகூர் பாருவை எட்டியது. கோலாலம்பூர் இப்போது நாலரை மணி நேர அளவு தொலைவே. அதற்குள் ஓர் இரவை அடக்க இயலாது. ஜூரோங்வாசி ஒருவர் படுத்துறங்கிச் செல்ல விரும்பின், கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவில் கிழக்குக் கரை வண்டியைப் பிடிக்க வேண்டும். கெமாசில் பிரிந்து, காடுகளினூடே இரவெல்லாம் ஓடி, மறுநாள் பகலில் கிளந்தானிலுள்ள தும்பாட்டை அடைவது அது. வழியில் எல்லைச் சோதனை ஏதுமில்லை.