மங்கலாக்கித் தெளிய வைத்தவர்கள்

ஓ.எல். வரலாறு படித்த எல்லாருக்கும் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவைத் தெரியும். 1833, சட்டநிரூபண சபை, இராஜகாரிய ஒழிப்பு என்று பரீட்சைக்கு முதல்நாள் இரவு பாடமாக்கியிருப்போம். அந்தக் கமரனின் மனைவி கமராவோடு திரிந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பகிடி இல்லை. அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவில் தொடங்கி, புகைப்பட வரலாற்றிலேயே பெரிய பெயர்களில் ஒன்றானவர். 1875இல் கணவனோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் மலையகத்தில் இறந்தார். இருவரின் கல்லறையும் பொகவந்தலாவையில்தான் இருக்கிறது.

அவர் இங்கிலாந்தில் படம் எடுத்த காலத்தில் விமர்சகர்கள் சொன்ன பெரிய குறை, போகஸ் சரியில்லை என்பது. கண் தெளிவாக இருந்தால் காது கரைந்திருக்கும். அவரோ தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்திலேயே லென்ஸை நிறுத்திவிடுவார். எது சரியான போகஸ் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷலுக்கு எழுதிய கடிதமொன்றில் கேட்டும் இருக்கிறார்.

இதில் அவருடைய ரசனை பாதி, பௌதிகம் பாதி. படத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு தூரத்துக்குத் தெளிவு நிற்கிறதோ அதுதான் புல ஆழம். லென்ஸின் துவாரத்தைப் பெரிதாகத் திறந்தால் வெளிச்சம் நிறைய வரும், புல ஆழம் மெலிந்துவிடும். சுருக்கினால் ஆழம் கூடும், வெளிச்சம் போய்விடும். தூரப்பார்வை இல்லாதவர்கள் பஸ் போர்டை வாசிக்கக் கண்ணைச் சுருக்குவதும் இதே வித்தைதான். 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் அன்செல் அடம்ஸ், எட்வேர்ட் வெஸ்டன் முதலானோர் சேர்ந்து தங்கள் குழுவுக்கு மிகச் சிறிய துவார அளவொன்றின் பெயரையே வைத்தார்கள்: எஃப்/64. கல்லும் மலையும் ஓடாது. மணிக்கணக்கில் காத்திருந்து எடுக்கலாம். நுணுக்குக்காட்டியில் பார்க்கிறவருக்கு அந்த வசதி இல்லை. துவாரத்தைச் சுருக்கினால் ஒளி விளிம்பில் சிதறி, நுண்ணிய விபரமே அழிந்துவிடும்.

இந்தப் பேரத்தை உடைத்த யோசனை கேட்கும்போது விசர் மாதிரி இருக்கும்: முழுப் படத்தையும் மங்கலாக்கு. 1972இல் கெர்ட் ஹொய்ஸ்லர் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். படம் பதிவாகும்போதே பொருளின் முழு ஆழத்தினூடாகவும் போகஸை நகர்த்துவது, மங்கலை இரண்டாம் கட்டத்தில் நீக்குவது. 1995இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் டோவ்ஸ்கியும் தோமஸ் கதேயும் இன்னும் எளிமையாகச் செய்தார்கள். எதையும் அசைக்கவில்லை. லென்ஸின் துவாரத்தில் ஒரு சிறிய கண்ணாடி வடிகட்டியை வைத்தார்கள். நிறத்தை வடிகட்டுவது அல்ல. அதன் தடிப்பு மூன்றாம் அடுக்குச் சமன்பாடு ஒன்றின்படி இடத்துக்கிடம் துளியளவு மாறும். அதனூடு போகும் ஒளியலைகள் சில கொஞ்சம் பிந்தும், சில முந்தும். எந்தப் புள்ளியும் புள்ளியாகக் குவியாது.

அப்படியென்றால் என்ன லாபம்? சாதாரண லென்ஸில் கிட்ட இருப்பது ஒரு மாதிரி மங்கும், தூர இருப்பது வேறு மாதிரி. ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த மங்கலை நீக்க வழியில்லை. இந்த வடிகட்டி போட்டால் கிட்டவும் தூரவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மங்கும். ஒரே மங்கல் என்றால் ஒரே கணக்கு. கணினி அதை ஒரே தடவையில் அவிழ்த்துவிடும். துவாரத்தைச் சுருக்கத் தேவையில்லை, வெளிச்சமும் மிஞ்சும். இவர்களின் சிடிஎம் ஒப்டிக்ஸ் கம்பனியை 2005இல் ஒம்னிவிஷன் வாங்கியது. ஆனா எங்கட போன்களில் கடைசியில் வென்றது தானே போகஸ் பண்ணும் லென்ஸ்தான். காரணங்களில் ஒன்றைப் பௌதிகமே சொல்கிறது: மங்கலை அவிழ்க்கும்போது படத்தில் இருக்கும் இரைச்சலும் சேர்ந்து பெருக்கும். (பிறகு அதே போன்கள் ‘போர்ட்ரெய்ட்’ என்று பின்னணியைப் பொய்யாக மங்கலாக்கத் தொடங்கியது வேற கதை.)

இயந்திரக் கற்றல் வந்தபோது இரண்டு விஷயம் மாறியது. இரைச்சலுக்கும் விபரத்துக்கும் வித்தியாசம் பார்க்க, ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய நரம்பு வலையமைப்பு கிடைத்தது. அதைவிடப் பெரியது, வடிகட்டியின் வடிவத்தையே வலையமைப்போடு சேர்த்துக் கற்பிக்கலாம் என்பது. 2018இல் ஸ்டான்போர்டிலும் டெல் அவிவிலும் இருந்த குழுக்கள் தனித்தனியே இதைச் செய்து காட்டின. டெல் அவிவ்காரர் போட்டது வளைய வடிவ வடிகட்டி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வேறு வேறு தூரத்தில் தெளியும். ஒரு நிறம் தொலைத்த விபரத்தை இன்னொன்றிலிருந்து வலையமைப்பு எடுத்துக்கொள்ளும்.

2020இல் ரைஸ் பல்கலைக்கழகமும் எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையமும் இதை நுணுக்குக்காட்டியில் வைத்தன. கட்டியை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சையில், ஓரத்தில் புற்றுக் கலங்கள் மிச்சம் இருக்கிறதா என்று உடனே தெரியவேண்டும். வழமையில் இழையத்தை உறையவைத்து மெல்லிய சீவலாக வெட்டவேண்டும். வெட்டாத இழையமோ மேடு பள்ளமாக இருக்கும், சாதாரண நுணுக்குக்காட்டியில் பாதிதான் தெளியும். டீப்டொஃப் என்ற இந்தக் கருவி 200 மைக்ரோமீற்றர் ஆழத்துக்குக் கலங்களைத் தெளிவாகக் காட்டியது.

எனக்கு இங்கேதான் ஒரு தயக்கம் வருகிறது. அந்தத் தெளிவில் எவ்வளவு பார்த்தது, எவ்வளவு ஊகித்தது? வலையமைப்புக்கு ஊகிக்கும் பழக்கம் உண்டு. ஆனால் வடிகட்டியின் வேலையே ஊகத்துக்கு இடத்தைக் குறைப்பது: பள்ளத்தில் இருக்கும் கலத்தின் விபரம் உருமாறியாவது சென்சருக்கு வந்து சேர்கிறது. அப்படி வந்ததை மீட்பதும், வராததை இட்டு நிரப்புவதும் ஒன்றல்ல.

இப்ப பழைய மங்கல் படங்களைத் தெளிவாக்கித் தரும் அப்கள் நிறைய வந்துவிட்டன. இடம்பெயர்வில் தப்பிய ஒரேயொரு படத்தை அதில் போட்டு, அம்மம்மாவின் முகத்தைத் திருப்பி வாங்குகிறோம். அந்தப் படம் எடுத்த கமராவில் எந்த வடிகட்டியும் இருக்கவில்லை. தொலைந்த விபரம் தொலைந்ததுதான். அப் தருவது, தான் பார்த்த ஆயிரக்கணக்கான வேற்று முகங்களிலிருந்து தைத்த ஒன்று.

ஜூலியா கமரன் 1878இல் களுத்துறையில் மூன்று பேரை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். தலைப்பில் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்று இருக்கிறது, பெயர்கள் இல்லை. அதையும் ஒருநாள் யாரோ அப்பில் போடுவார்கள். இமை மயிர்கூட எண்ணும் அளவுக்குத் தெளியும். அந்த இமைகள் யாருடையவை என்று கேட்க அவர்கள் மூவரும் இல்லை.