பெட்டிக் கணக்கும் பீன்யாக் கணக்கும்: தென்னிந்தியப் பள்ளிகளில் செயல்வழிக் கணிதம் வந்த பாதை

பெங்களூரின் வடமேற்கில், துமகூரு சாலையை ஒட்டி 1970களின் பிற்பகுதியில் உருவானது பீன்யா தொழிற்பேட்டை. அங்குள்ள லேத் பட்டறைகளில் தண்டு ஒன்று கடைந்து முடிந்ததும் தொழிலாளி வெர்னியரை எடுத்து அதன் விட்டத்தை அளப்பார். அக்கருவியின் நகரும் கோலில் 49 மில்லிமீட்டர் நீளம் 50 சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பங்கு 0.98 மி.மீ. நிலைக்கோலின் ஒரு மில்லிமீட்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 0.02 மி.மீ. தண்டு தேறுமா, கழிவுக்குப் போகுமா என்பதை அந்த நூலிழை வேறுபாடு முடிவு செய்கிறது. இதில் பள்ளிக்கு அப்பாற்பட்ட கணக்கு எதுவும் இல்லை. பின்னம், தசமம், கழித்தல், அவ்வளவுதான். அப்படியிருந்தும் பத்தாம் வகுப்பு தேறி வரும் பலர் இதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. பள்ளிக் கணிதத்துக்குள் கை எப்போது நுழைந்தது, எந்த வகுப்போடு நின்றது என்பதைத் தேடுகிறது இக்கட்டுரை.

பழைய கதையை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ நடத்திய கணக்கெடுப்பின்படி (1822–26) 12,498 பள்ளிகளில் சுமார் 1,88,000 பேர் படித்தார்கள். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவற்றை மனப்பாடம் செய்தார்கள். நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். அதாவது 1/320இலிருந்து 1/4 வரை பின்னங்கள் படிப்படியாக ஏறின. இது செயல்வழிக் கற்றல் அன்று; நினைவுப் பயிற்சி. ஆனால் நினைவில் ஏறிய ஒவ்வொரு பின்னத்துக்கும் வெளியே ஒரு மரக்கால், ஒரு படி, ஒரு நிலத்துண்டு இருந்தது. திண்ணைக் கணக்குக்கும் அளப்போர், கைவினைஞர், ஊர்க்கணக்கர் ஆகியோரின் உழைப்புக்கும் இருந்த உறவை த. செந்தில் பாபுவின் ஆய்வுகள் விரிவாகப் பேசுகின்றன. அத்திண்ணையில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அநேகமாக இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

காலனிய ஆட்சியில் பாடநூலும் பொதுத்தேர்வும் வந்தன. வீதவாய்ப்பாடுகளும் வட்டிக் கணக்குகளும் பெருகின. மரக்கால் வகுப்பைவிட்டு வெளியேறியது.

கையைத் திரும்ப அழைக்கும் முயற்சிகள் 1930களின் இறுதியில் இரு திசைகளிலிருந்து வந்தன. ஒன்று, 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி. நூற்ற நூலின் நீளத்தையும் எடையையும் கொண்டே கணக்கைக் கற்பிக்கலாம் என்றது அது. மற்றொன்று, 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரி. போரின் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்த அவர், அதில் சில ஆண்டுகளைக் கொடைக்கானலில் கழித்து, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஒற்றை மணி, பத்து மணிகள் கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் என்ற அவருடைய சாதனங்களில் இடமதிப்பைக் கையில் எடுத்து எடை பார்க்கலாம். ஆனால் அம்மணிகள் நெடுங்காலம் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளுக்குள்ளேயே கிடந்தன.

ஆதாரக் கல்வியின் தமிழ்நாட்டு வரலாறு கசப்பானது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. 'குலக்கல்வி' என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. கைவேலையைச் சாதியோடு கட்டிய ஊரில், ஏழைப் பிள்ளைக்குக் கைவழிப் பாடம், மற்றவர்களுக்குப் புத்தகப் பாடம் என்ற பிரிவினையை யாரும் ஏற்க மாட்டார்கள். கல்விச் சீர்திருத்தம் பேசுகிற பலர் இந்த நினைவைக் கணக்கில் கொள்வதில்லை.

அடுத்து, ஸ்புட்னிக்குக்குப் பின் அமெரிக்காவில் எழுந்த 'புதுக்கணிதம்' இங்கும் கணங்களையும் வெண்படங்களையும் கொண்டுவந்தது. அதில் கைக்கு வேலை குறைவு.

அந்தக் காலகட்டத்தில் சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு கற்பித்தவர் பி.கே. சீனிவாசன் (1924–2005). ராமானுஜனின் கடிதங்களைத் தேடித் தொகுத்தவராகவே அவரைப் பலர் அறிவார்கள். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைந்ததும் அவரால்தான். வகுப்பறைக்கு அவர் அளித்தது அதைவிடப் பெரிது என்பது என் கருத்து. அவருக்குச் சாதனப் பெட்டி தேவைப்படவில்லை. சுவரில் தொங்கும் மாத நாட்காட்டி போதும். அதில் நான்கு கட்டங்களை வளைத்துக்கொள்ளுங்கள்: 8, 9, அவற்றின் கீழே 15, 16. குறுக்கே கூட்டினால் 8+16=24, 9+15=24. எந்த நான்கை எடுத்தாலும் இப்படியே வருகிறது. ஏன்? கட்டங்கள் n, n+1, n+7, n+8 என்று அமைந்திருப்பதால். இயற்கணிதம் வடிவங்களைப் பேசும் மொழி என்பதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும் இடம் இது. நடுநிலை வகுப்புகளுக்கும் செயல்வழிக் கணிதம் உண்டு, அதற்குப் பணமும் வேண்டாம் என்பதற்கு இங்கேயே சான்று இருந்தது. கல்வித்துறை அதைப் பாடத்திட்டமாக்கவில்லை.

துறை பெரிய அளவில் அசைந்தது 1990களில். ஆந்திரத்தின் ரிஷி வேலியில் பத்மநாப ராவ், ரமா இணையர் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய கற்றல் ஏணியும் அட்டைகளும் முதலில் கர்நாடகத்துக்குப் போயின. மைசூரு மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டையில் 1995இல் யுனிசெப் உதவியோடு 'நலி கலி' தொடங்கியது. 2009–10இல் அது மாநிலத்தின் கன்னடவழி அரசுப் பள்ளிகளின் முதலிரு வகுப்புகளுக்கு விரிந்தது. சென்னையில் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் 13 பள்ளிகளில் இதே வழியைத் தொடங்கினார். 2007–08இல் செயல்வழிக் கற்றல் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். கரும்பலகை அவர்கள் உயரத்துக்கு இறங்கியது. மாண்டிசோரி மணிகள் கட்டணமில்லாப் பள்ளிக்குள் வந்தன. அவை அடையாற்றிலிருந்து அங்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

ஆறாம் வகுப்புக்கு மேல் வந்தது வேறொன்று. 'படைப்பாற்றல் கல்வி' என்ற அந்த முறையில் வாசித்தல், மனவரைபடம் வரைதல், தொகுத்தல் என்ற படிகள் இருந்தன. வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் பொருந்திய அது கணக்கோடு ஒட்டவில்லை. முழு எண்களின் கழித்தலுக்கு மனவரைபடம் வரைந்து என்ன காண்பது?

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு கணிதம் பற்றிய அறிக்கையைத் தந்தது. குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே நோக்கம், சூத்திரங்களைக் குவிப்பது அன்று என்று அது தெளிவாகச் சொன்னது. மதிப்பீடு மாறாமல் வகுப்பறை மாறாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. பெங்களூரின் அட்சரா அறக்கட்டளை கர்நாடக அரசோடு சேர்ந்து நடத்தும் 'கணித கலிகா ஆந்தோலனா' இந்தக் கலைத்திட்டத்தையே அடிப்படையாகக் கொண்டது. 4, 5ஆம் வகுப்புகளுக்கு ஒரு சாதனப் பெட்டி: மணிச்சட்டம், பத்தடிமானக் கட்டைகள், பின்னப் பட்டைகள், தராசு, அளவுநாடா, விளையாட்டு நாணயங்கள். ஊராட்சிதோறும் பெற்றோர் முன்னிலையில் கணக்குப் போட்டிகளும் நடக்கின்றன.

பின்னப் பட்டையை மட்டும் பார்ப்போம். அரைப் பட்டையையும் மூன்றிலொரு பட்டையையும் நீளவாக்கில் அடுக்கினால் முழுப்பட்டைக்குச் சற்றுக் குறைகிறது. அந்த இடைவெளியில் ஆறிலொரு பட்டை சரியாக உட்காருகிறது. ஆக விடை 5/6. 'மேலேயும் கூட்டு, கீழேயும் கூட்டு' என்று 2/5 எழுதும் பிள்ளை, விடை அரையைவிடச் சிறிதாகிவிட்டதைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளும். தமிழ், தெலுங்கு, இந்தி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் கன்னட வகுப்பில் உட்காரும் பீன்யா போன்ற இடங்களில் இதற்கு இன்னொரு பயன் உண்டு. விளக்கம் புரியாத பிள்ளைக்கும் பட்டை புரியும்.

இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் முதல் மூன்று வகுப்புகளில் ஆரம்பித்து ஐந்து வரைதான் வந்திருக்கிறது. இதற்கு நான் காணும் காரணங்கள் மூன்று. 1994 முதல் வந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் போன்றவற்றின் பணம் தொடக்க வகுப்புகளையே குறிவைத்தது. இரண்டாவது, தொடக்கப் பள்ளி ஆசிரியர் நாள் முழுதும் ஒரே பிள்ளைகளோடு இருப்பவர். பாடவேளை மணி அடித்ததும் எழுந்து போகும் நடுநிலைப் பள்ளி ஆசிரியருக்குப் பெட்டியைத் திறந்து மூடவே நேரம் போதாது. மூன்றாவது காரணம்தான் முக்கியம்: தேர்வு. கர்நாடகப் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 20 உள்மதிப்பீட்டுக்கு. அளந்து, தவறு கண்டு, மீண்டும் அளக்கும் திறனை அந்த 80 தொடுவதே இல்லை.

விட்ட இடத்தை ஐ.டி.ஐ. நிரப்புகிறது. டர்னர் பிரிவில் சேரப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். உள்ளே போனதும் பணிமனைக் கணக்கைப் படிக்க வேண்டும். பீன்யாவில் தலைமையகம் கொண்ட என்.டி.டி.எஃப். போன்ற பயிற்சி நிறுவனங்களும் அளவியலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பட்டைக்கும் பதினாறு வயது வெர்னியருக்கும் நடுவே ஐந்து ஆண்டுகள் கை சும்மா இருந்திருக்கிறது.

புதிய பெட்டிகள் இனி வேண்டியதில்லை. ஆறு முதல் பத்து வரை வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளை இணைத்துக் கணக்குச் செய்முறைக்கு ஒதுக்குவதும், இயற்பியலுக்கு இருப்பதுபோல் கணிதத்துக்கும் மதிப்பெண்ணோடு செய்முறைத் தேர்வு வைப்பதுமே மிச்சமிருக்கும் சீர்திருத்தம். அது எல்லாப் பள்ளிக்கும், எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக வர வேண்டும். தொழிலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் என்று வந்தால் 1953இன் எதிர்ப்பே மீண்டும் நியாயமாகிவிடும்.