அரபு நாடுகளில் அரசியல், சமூக மாற்ற ஆராய்ச்சி

அரபு மொழி வழங்கும் தேசங்களிலும், அவற்றை அடுத்துள்ள துருக்கி, ஈரான் முதலியவற்றிலும் ஆட்சி முறையும் சமூக அமைப்பும் எவ்வாறு மாறி வருகின்றன என்பதை, ஆள்வோருக்கோ பொதுஜனங்களுக்கோ யோசனை கூறும் நோக்கத்தோடு, புள்ளிவிவரங்களையும் நேர்முக விசாரணைகளையும் ஆதாரமாகக் கொண்டு பரிசீலிக்கும் துறை இது. சரித்திர, சமய ஆராய்ச்சிகளினின்று இதைப் பிரித்துக் காட்டுவது, இனிச் செய்யத்தக்கது யாது என்ற வினாவுக்கு விடை கூற இது கடமைப்பட்டிருப்பதே. அவ்வினாவை யார் எழுப்பினார்கள், விடை யாரிடம் போய்ச் சேர்ந்தது, சேர்ந்த பின் அதற்கு என்ன கதி நேர்ந்தது என்பவற்றைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு இத்துறையின் சரித்திரம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

1798-ல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்தபோது உடன் அழைத்துச் சென்ற பண்டிதர் குழாத்தையும், 1916-ல் பிரிட்டிஷார் கெய்ரோவில் அமைத்த அரபுக் காரியாலயத்தையும் இதன் பூர்விகமாகக் கூறுவது உண்டு. அவை படைக்கும் பரிபாலனத்துக்கும் உதவுவதற்கென்றே தகவல் திரட்டியவை. அந்நாட்டு ஜனங்கள் எதை விரும்புகிறார்கள் என்று விசாரிப்பது அவற்றின் வேலையாக இருக்கவில்லை.

அவ்விசாரணையை ஓரளவேனும் முறையோடு நடத்தியது, 1919-ல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் அனுப்பிய குழு. ஓபர்லின் கல்லூரித் தலைவர் ஹென்றி கிங், செல்வந்தரான சார்லஸ் கிரேன் ஆகிய இருவரின் தலைமையில் அவ்வாண்டு ஜூன் மாதம் யாப்பா துறைமுகத்தை அடைந்த இக்குழு, ஜெருசலேம், டமாஸ்கஸ், பெய்ரூட், அலெப்போ என ஆறு வார காலம் சுற்றி, மதகுருமார்களும் வர்த்தகர்களும் கிராமப் பெரியவர்களும் அடங்கிய தூதுகோஷ்டிகளைச் சந்தித்து, 1,863 மனுக்களைப் பெற்றது. அம்மனுக்களுள் பல ஒரே வாசகத்தைப் பிரதி செய்தவை என்பதையும், கட்சிக்காரர்கள் முன்னின்று அவற்றைச் சேகரித்தார்கள் என்பதையும் குழுவினரே தம் அறிக்கையில் மறைக்காமல் எழுதினர்; பிற்காலத்து அளவெடுப்பாளர் சிலரிடம் காணப்படாத நேர்மை இது. சிரியா பிளவுபடாமல் சுதந்திரம் பெறவேண்டும், மேற்பார்வை ராஜ்யம் ஒன்று இருந்தே தீரவேண்டுமானால் அது அமெரிக்காவாகவும், இன்றேல் பிரிட்டனாகவும் இருக்கட்டும், பிரான்ஸ் வேண்டவே வேண்டாம் என்பதே பெரும்பான்மையோரின் அபிப்பிராயமாக இருந்தது. பாலஸ்தீனத்தில் யூதர் குடியேற்றத் திட்டத்தை நூற்றுக்கு 72-க்கும் மேற்பட்ட மனுக்கள் எதிர்த்தன. ஆகஸ்டு மாதத்தில் சமர்ப்பிக்கப்பட்ட அவ்வறிக்கை 1922 டிசம்பரில், பத்திரிகைத் தொழிலாளருக்கென நியூயார்க்கில் நடந்துவந்த ஒரு வாரப்பத்திரிகையில்தான் முதன்முதலாக வெளிவந்தது. அதற்குள் சிரியா பிரான்சுக்கும் பாலஸ்தீனம் பிரிட்டனுக்கும் ஒப்படைக்கப்பட்டுவிட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா அப்பிரதேசத்தில் காலூன்றியபோது, ஆராய்ச்சிக்குத் தாராளமான திரவிய சகாயமும் கிடைத்தது. கொலம்பியா சர்வகலாசாலையினர் 1950, 1951-ஆம் ஆண்டுகளில் துருக்கி, லெபனான், எகிப்து, சிரியா, ஜோர்டான், ஈரான் ஆகிய ஆறு நாடுகளில் நடத்திய நேர்காணல்கள், அமெரிக்க வானொலியை அங்கே யார் கேட்கிறார்கள் என்று அறிவதற்காகத் தொடங்கப்பட்டவை. அவற்றை ஆதாரமாகக் கொண்டு டானியல் லெர்னர் 1958-ல் எழுதிய நூல் ஒரு தலைமுறைக்குப் பிரமாணமாக விளங்கிற்று. அங்காராவை அடுத்த பால்காத் கிராமத்தின் தலைவரையும் மளிகைக் கடைக்காரரையும் எதிரெதிரே நிறுத்தி அவர் தம் வாதத்தைத் தொடங்குகிறார்: தலைவர் தம் ஊரைவிட்டு வேறோரிடத்தில் வாழ்வதைக் கனவிலும் கருதாதவர், கடைக்காரரோ அமெரிக்காவில் வாழ விரும்பி, அதனால் ஊராரின் பரிகாசத்துக்கு ஆளானவர். நான்காண்டு கழித்து லெர்னர் அங்கே சென்றபோது கடைக்காரர் காலமாகிவிட்டார்; சாலையும் மின்சாரமும் வந்து சேர்ந்திருந்த அவ்வூரார், வருவதை முன்னமே கண்டவர் என்று அவரைப் போற்றினர். நகரம் பெருகினால் எழுத்தறிவு பெருகும், அதனால் பத்திரிகையும் வானொலியும் பரவும், முடிவில் ஜனநாயகம் வந்தே தீரும், மதப்பற்று தளரும் என்ற அவருடைய சித்தாந்தம் வாசிக்க இனிமையானதுதான். ஆனால் 1979-ல் ஈரானில் மன்னராட்சியை வீழ்த்திய புரட்சியில், அதன் தலைவர் கோமேனியின் பிரசங்கங்களை வீடுவீடாகக் கொண்டுசென்றது லெர்னர் போற்றிய நவீன சாதன வகையைச் சேர்ந்த ஒலிநாடாவே.

அரபு அறிஞர்கள் தம் சமூகத்தைத் தாமே ஆராய்வதற்கெனத் தனி ஸ்தாபனங்களை அமைத்தது 1960-களில்தான். 1963-ல் பெய்ரூட்டில் பாலஸ்தீன ஆராய்ச்சிக் கழகம் தோன்றிற்று. இஸ்ரேலுடன் நடந்த 1967 ஜூன் யுத்தத்தில் ஆறே நாளில் நேர்ந்த படுதோல்வி, எதிரியைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்ற கேள்வியோடு, நம்மைப் பற்றித்தான் என்ன தெரியும் என்ற கேள்வியையும் கிளப்பிவிட்டது. அல் அஹ்ராம் பத்திரிகையின் ஆசிரியர் முகமது ஹசனைன் ஹைக்கல் மறு ஆண்டே கெய்ரோவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். இராக்கின் மத்திய வங்கித் தலைவராக இருந்த கைருத்தீன் ஹசீப் முயற்சியால் 1975-ல் பெய்ரூட்டில் எழுந்த அரபு ஒற்றுமை ஆராய்ச்சி நிலையமோ லெபனானின் உள்நாட்டு யுத்தத்தின் நடுவே வேலை செய்தது. ஜனநாயகம் அரபு நாடுகளில் ஏன் வேரூன்றவில்லை என்பதைப் பற்றி 1983-ல் அது மகாநாடு கூட்ட முற்பட்டபோது, இடம் கொடுக்க அரபு ராஜ்யம் ஒன்றேனும் முன்வரவில்லை; அறிஞர்கள் கடல் கடந்து சைப்ரஸ் தீவின் லிமசோல் நகரில் கூடினார்கள். மகாநாட்டில் வாசித்த கட்டுரைகள் அனைத்தையும்விட இந்த ஒரு சங்கதியே கேள்விக்குத் தெளிவான விடையாக அமைந்துவிட்டது.

எகிப்திய சமூகவியலாளர் சாத் எத்தீன் இப்ராஹிமின் கதை இத்துறையின் ஏற்றத்தையும் இடரையும் ஒருங்கே காட்டுவது. தீவிரவாத இஸ்லாமியக் குழுக்களைச் சேர்ந்தவர்களைச் சிறைக்குள்ளேயே சந்தித்து அவர் நடத்திய ஆராய்ச்சி, 1980-ல் வெளியாயிற்று. வறுமையிலும் அறியாமையிலும் உழல்பவர்களே இவ்வழியில் செல்வார்கள் என்ற பொது நம்பிக்கைக்கு மாறாக, அவர்கள் பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வந்த மத்தியதர வகுப்பு இளைஞர்கள், மருத்துவமோ பொறியியலோ பயின்ற கெட்டிக்காரர்கள் என்று அவர் கண்டார். அடுத்த ஆண்டே ஜனாதிபதி அன்வர் சதாத் கொலையுண்டார். தம் கல்லூரியில் பயின்றவர்களுள் பிற்காலத்து ஜனாதிபதி முபாரக்கின் மனைவியும் ஒருவர் என்பதால் இப்ராஹிமுக்கு அரண்மனைச் செல்வாக்கு இல்லாமற் போகவில்லை. 1988-ல், பதினான்காம் நூற்றாண்டில் டூனிஸில் பிறந்த சமூக சாஸ்திரியின் பெயரால் இப்னு கல்தூன் நிலையத்தையும் தொடங்கினார். எனினும் தேர்தல்களைக் கண்காணிக்கவும் சிறுபான்மையோர் நிலையை விவரிக்கவும் முற்பட்டபின், 2000 ஜூனில் அவர் கைதானார். அந்நியப் பணம் பெற்றார், தேசத்துக்கு அவகீர்த்தி விளைவித்தார் என்ற குற்றங்களுக்காக ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 2003 மார்ச்சில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் விடுதலை பெற்றார்.

ஈரானில் இதையொத்த சம்பவம் 2002-ல் நிகழ்ந்தது. அமெரிக்காவுடன் பேச்சு வார்த்தை நடத்தலாம் என்று தெஹ்ரான்வாசிகளுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் கருதுவதாக ஓர் அபிப்பிராய விசாரணை காட்டவே, அதை நடத்திய அப்பாஸ் அப்தி சிறைப்பட்டார். 1979-ல் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றிய மாணவர்களுள் அவரும் ஒருவர்.

விடையை வெறுப்பவர்கள் அரசாங்கத்தார் மட்டுமல்லர். ரமல்லாவில் பாலஸ்தீன ஆராய்ச்சியாளர் கலீல் ஷிகாகி 2003-ல் பாலஸ்தீன அகதிகளிடையே நடத்திய விசாரணையில், இஸ்ரேலாகிவிட்ட பழைய ஊருக்கே திரும்பி வாழ விரும்புகிறவர் பத்தில் ஒருவரளவே என்று தெரிந்தது. முடிவை அறிவிக்கும் நாளில் அகதிகளின் உரிமையைக் காக்கப் புறப்பட்ட கூட்டமே அவர் காரியாலயத்துள் புகுந்து சேதம் விளைவித்தது.

2002-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் சார்பில் வெளிவந்த அரபு மானிட வளர்ச்சி அறிக்கை, இத்துறையில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட ஏடு. ஜோர்டானின் ரீமா கலஃப் முன்னின்று நடத்த, எகிப்தியரான நாதிர் ஃபர்கானி தலைமையில் அரபு அறிஞர்களே எழுதிய அது, சுதந்திரம், பெண்களின் உரிமை, அறிவு என்னும் மூன்றிலும் அரபு உலகம் பின்தங்கியிருப்பதாகச் சொல்லிற்று. 22 தேசங்களின் மொத்த உற்பத்தியும் ஸ்பெயின் ஒன்றினுடையதைவிடக் குறைவு என்று காட்டிற்று. வாஷிங்டனில் அதை மேற்கோள் காட்டாதவர் அரிதாயினர். ஆயினும் சுதந்திரத்தைப் பற்றிய மூன்றாவது அறிக்கை, இராக் ஆக்கிரமிப்பைக் கண்டித்த காரணத்தால், அமெரிக்காவின் ஆட்சேபத்தால் தாமதப்பட்டு 2005-ல்தான் வெளியாயிற்று. அபிப்பிராயம் தமக்கு எதிராகத் திரும்பியதும் ஜனநாயக ராஜ்யத்தாரும் கெய்ரோ அதிகாரிகளும் ஒரே சுபாவம் உடையவர்களாகிவிட்டனர்.

2006 முதல் பல நாடுகளில் ஒரே வினாத்தொகுதியைக் கொண்டு ஜனங்களின் கருத்தை அளந்துவரும் அரபு அளவுமானி, முந்தியவற்றைவிட முறைமையில் உயர்ந்தது. இருந்தும், 2010 டிசம்பர் 17-ஆம் தேதி டுனீசியாவின் சிதி பூசித் நகரில் முகமது புவாசிசி என்ற தெரு வியாபாரி தீக்குளித்ததைத் தொடர்ந்து நாலு வாரத்துக்குள் ஜனாதிபதி பென் அலி நாட்டைவிட்டோடுவார் என்பதை எந்த நிலையமும் முன்னறியவில்லை. அரபுச் சர்வாதிகாரங்கள் ஏன் உறுதியாக நிற்கின்றன என்று விளக்குவதிலேயே அறிஞர்கள் பல்லாண்டு ஈடுபட்டிருந்தனர். அவ்விளக்கங்களில் குறிப்பிட்ட, படையின் விசுவாசம் போன்ற காரணங்கள் பொய்யல்ல என்பதைச் சிரியாவும் பஹ்ரைனும் பின்னர் காட்டின. படை யார் பக்கம் நிற்கும் என்பதை வீட்டுக்கு வீடு சென்று கேட்டு அறிய முடியாது.

பென் அலியின் வீழ்ச்சிக்குப் பின் டூனிஸில் சில காலம் இத்துறை செழித்தது. கெய்ரோவிலோ நிலைமை முன்னினும் கடினமாயிற்று. தெரு வியாபாரிகளின் சங்கங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த இத்தாலிய மாணவர் ஜூலியோ ரெஜேனி 2016-ல் அங்கே சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அறிஞர் பலர் பாரிஸ், இஸ்தான்புல், தோஹா நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பாலஸ்தீன அறிஞர் அஸ்மி பிஷாரா 2010-ல் தோஹாவில் தொடங்கிய அரபு ஆராய்ச்சி நிலையம், இன்று விரிவான அபிப்பிராய அட்டவணையை வெளியிடுவனவற்றுள் ஒன்று. தேர்தலால் அமையாத பரம்பரை அமீரின் ஆட்சி நடக்கும் கத்தார் நாட்டில் இருந்துகொண்டு, அரபு மக்களுள் பெரும்பான்மையோர் ஜனநாயகத்தை விரும்புகிறார்கள் என்று அது ஒவ்வொரு பதிப்பிலும் அறிவித்து வருகிறது.