பல்லுக்குப் போடும் கெப்: உள்ளே இருக்கும் உலோகத்தின் கதை



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது ஊர் நானா ஒருவர் என்னை நிறுத்தினார். கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனல் செய்து முடித்திருக்கிறார். இனி அதன் மேல் கெப் போட வேண்டுமாம்.

"வெளியில பீங்கான், உள்ளுக்கு மெட்டல் எண்டு டொக்டர் சொல்றார் சேர். அது நல்லதா? உள்ளுக்குத் தங்கம் இருந்தா ஆம்புளைகளுக்குக் கூடுமா?"

இரண்டுமே நல்ல கேள்விகள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், பல் வைத்தியன் அல்ல. ஆனால் இந்தக் கெப் உருவான வரலாறு தெரிந்தால், வைத்தியரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது நமக்குத் தானாகவே விளங்கும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் இரண்டாவது கேள்வி. அர்ஃபஜா (ரழி) அவர்களின் சம்பவம் அபூதாவூத், திர்மிதி, நஸாஈ ஆகிய கிரந்தங்களில் வருகிறது. ஜாஹிலிய்யாக் காலத்தில் குலாப் யுத்தத்தில் அவர்களுடைய மூக்கு வெட்டுப்பட்டது. வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார்கள். அது துர்நாற்றம் எடுத்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் செய்துகொள்ளச் சொன்னார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் உட்பட அறிஞர்கள் பலர் இதை ஆதாரமாக வைத்துத்தான் தேவைக்காகத் தங்கப் பல் வைப்பதை ஆண்களுக்கும் அனுமதித்தார்கள். உங்கள் சொந்த விடயத்துக்கு ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஞ்ஞான ஆசிரியனாக இந்தச் சம்பவத்தில் இன்னொன்றையும் பார்க்கிறேன். வெள்ளி ஈரத்திலும் உடம்பின் சுரப்பிலும் மாற்றமடையும். தங்கம் மாறாது. சுமார் 1013இல் வபாத்தான குர்துபா நகரத்து அறுவை வைத்தியர் அஸ்ஸஹ்ராவியும் ஆடும் பற்களைக் கம்பியால் கட்டுவது பற்றி எழுதும்போது, வெள்ளியை விடத் தங்கமே நல்லது என்கிறார். உடம்புக்குள் வைக்கும் உலோகம் எது என்பது ஆயிரம் வருடங்களுக்கு முன்பே முக்கியமான கேள்வியாக இருந்திருக்கிறது.

இனி கெப்பின் கதைக்கு வருவோம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சார்ல்ஸ் லேண்ட் என்ற பல் வைத்தியர் 1903 அளவில் முழுக்க முழுக்கப் பீங்கானால் ஆன கெப்பை அறிமுகப்படுத்தினார். (அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியாக விமானத்தில் கடந்த சார்ல்ஸ் லிண்ட்பேர்க் இவருடைய மகள் வழிப் பேரன்.) பார்வைக்கு அசல் பல் போலவே இருந்தது. ஆனால் பீங்கான் அமுக்கத்தைத் தாங்குமே தவிர, வளைவையும் இழுவையையும் தாங்காது. கடைவாயில் வைத்தால் வெடித்துப் போகும்.

1907இல் வில்லியம் டகார்ட் என்பவர் மெழுகில் வடிவம் செய்து, அந்த அச்சில் தங்கத்தை வார்க்கும் முறையைப் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். அளவு சரியாகப் பொருந்தும், உடையவே உடையாது. ஆனால் வாயைத் திறந்தால் மஞ்சளாக மின்னும்.

ஒன்று அழகு, மற்றது பலம். இரண்டையும் ஒன்றாக்க அரை நூற்றாண்டு எடுத்தது. ஏன்?

எல்லோர் வீட்டிலும் நடந்திருக்கும்: சாதாரண கண்ணாடிக் கிளாசில் கொதிக்கும் பிளேன்டீயை ஊற்றினால் சில நேரம் வெடிக்கும். உட்பக்கம் சட்டென்று விரிகிறது, வெளிப்பக்கம் விரியவில்லை. உலோகத்தின் மேல் பீங்கானைச் சூளையில் சுடும்போதும் இதே தொல்லைதான். ஆறும்போது தங்கம் அதிகமாகச் சுருங்கும், பழைய பல் பீங்கான் குறைவாகச் சுருங்கும். பீங்கான் வெடித்துக் கழன்றுவிடும்.

அமெரிக்காவில் வைன்ஸ்டீன், காட்ஸ் ஆகியோருக்கு 1962இல் கிடைத்த காப்புரிமைகள் இந்த முடிச்சை அவிழ்த்தன. லியூசைட் என்ற கனிமம் சூட்டில் மிக அதிகமாக விரியக்கூடியது. பீங்கானில் அதன் அளவைக் கட்டுப்படுத்தி, உலோகத்தை விடச் சற்றே குறைவாகச் சுருங்கும்படி செய்தார்கள். அப்போது உலோகம் பீங்கானைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அமுக்கத்தைத் தாங்குவதுதான் பீங்கானின் பலமாயிற்றே! உலோகத்தின் மேல் உண்டாகும் மெல்லிய ஒட்சைட்டுப் படை இரண்டையும் ஒட்டவைத்தது. இதுதான் நானாவுக்கு டொக்டர் சொன்ன கெப். ஆங்கில எழுத்தில் சுருக்கமாக பி.எஃப்.எம். என்பார்கள்.

புரியாதவர்கள் உம்மம்மா காலத்து எனாமல் பீங்கானை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரும்புத் தகடு, மேலே உருக்கி ஒட்டிய வெள்ளைக் கண்ணாடி. அதே தத்துவம்தான். கீழே விழுந்தால் சில்லுக் கழன்று கறுப்புத் தெரியுமே, அந்தக் குறையும் இதற்கு உண்டு.

ஆரம்ப கால பி.எஃப்.எம். கெப்புகளில் உள்ளே இருந்தது பெரும்பாலும் தங்கம், பிளாட்டினம், பலேடியம் கலந்த உலோகம். அப்போது ஒரு அவுன்ஸ் தங்கத்தின் உத்தியோகபூர்வ விலை 35 டொலர். 1971 ஓகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் டொலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை நிறுத்தினார். 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 850 டொலரைத் தொட்டது.

தங்கம் எட்டாத உயரத்துக்குப் போனதும் பல் ஆய்வுகூடங்கள் நிக்கல்-குரோமியம், கோபால்ற்று-குரோமியம் போன்ற மலிவான கலப்புலோகங்களை நாடின. அதனால்தான் சாதாரண வருமானக்காரருக்கும் கெப் கைக்கெட்டியது. அது பெரிய நன்மை. ஆனால் விலையும் ஒன்று இருந்தது. சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. நிக்கலை இலகுவாக வார்ப்பதற்குச் சில கலவைகளில் பெரிலியம் சேர்த்தார்கள். அதைத் தேய்க்கும்போது எழும் தூசி, கெப் செய்யும் தொழிலாளியின் நுரையீரலுக்கு ஆபத்து.

வெளியே அதே வெள்ளைப் பீங்கான்தான். உள்ளே உலோகம் மாறிவிட்டது. நோயாளிக்குக் கண்ணால் பார்த்துத் தெரிய வழியில்லை.

இப்போது நன்மை தீமைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

நன்மை: பலம். கடைவாய்ப் பல்லுக்கும், பல பற்களை இணைக்கும் பாலத்துக்கும் பல பத்தாண்டு அனுபவத்தில் நம்பிக்கை பெற்றது. ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 5 வருடங்களுக்குப் பிறகும் 100இல் சுமார் 95 கெப்புகள் வாயில் இருந்தன. முழுதும் பீங்கானால் ஆன நல்ல வகைகளை விடப் பொதுவாக விலையும் குறைவு.

தீமை: உலோகத்துக்கும் பீங்கானுக்கும் இடம் வேண்டும் என்பதால் பல்லை வெளிப்பக்கம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் தேய்க்க வேண்டும். தேய்த்த பல் திரும்ப வளராது. பீங்கான் சில்லுக் கழரலாம். வயதாகி முரசு கீழிறங்கினால் ஓரத்தில் சாம்பல் கோடு தெரியும். உலோகத்தை மறைக்கும் படை ஒளியை உள்ளே விடாததால் முன்பல்லில் உயிரோட்டம் குறைவு. எதிரே உள்ள இயற்கைப் பல்லையும் அது தேய்க்கலாம். இன்னொன்று: கெப்புக்குச் சூத்தை வராது, ஆனால் அதன் ஓரத்தில் உள்ள பல்லுக்கு வரும். கெப் போட்டாயிற்று என்று பல் துலக்குவதை விட்டுவிடாதீர்கள்.

இன்று சேர்க்கோனியா கெப்புகள் வந்துவிட்டன. உலோகம் தேவையில்லை, பலமும் உண்டு. ஆனால் அதன் மேலும் பீங்கான் பூசும் வகையில் சில்லுக் கழரும் பிரச்சினை வரத்தான் செய்தது. குறையே இல்லாத பொருள் எதுவும் இல்லை.

ஆகவே பல் வைத்தியரிடம் போனால் வெட்கப்படாமல் மூன்று விடயம் கேளுங்கள்.

1. உள்ளே என்ன உலோகம்? நிக்கல் இருக்கிறதா?
2. என் பல்லின் இடத்துக்கு இதுதான் பொருத்தமா? முன்பல்லா, கடைவாய்ப் பல்லா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.
3. எவ்வளவு தேய்ப்பீர்கள்? தேய்க்காமல் செய்யக்கூடிய வழி ஏதும் உண்டா?

குறிப்பாகச் சகோதரிகளுக்கு: இமிட்டேஷன் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகிறதா? அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். பல் வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். பல்லைத் தேய்க்க முன்னரே சொல்லுங்கள்.

நானாவுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். கடைவாய்ப் பல்லுக்கு இந்தக் கெப் நல்ல தெரிவுதான். ஆனால் உள்ளே இருப்பது எது என்று கேட்டு அறிந்துகொண்டு போடுங்கள். அர்ஃபஜா (ரழி) அவர்களின் வெள்ளி மூக்கும் வெளியில் பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும்.

பிழைகள் இருந்தால் நம் ஊர்ப் பல் வைத்தியர்கள் திருத்தித் தாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.